குறைமாதக் குழந்தையின் குடலில் முதலில் குடியேறுபவை



பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் ஏதேனும் ஒரு பொருளை எடுத்து, மருத்துவர் அல்லாதவர்களுக்கும் விளங்கும்படி தமிழில் பேச வேண்டும் என்று இந்தச் சொற்பொழிவுக்கு அழைத்தவர்கள் கேட்டார்கள். நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கு உயிருள்ள பாக்டீரியாவை, அதாவது புரோபயாட்டிக்கை, நாமே வாய் வழியாகக் கொடுக்கலாமா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்கலாம். ஆனால் எந்தக் குழந்தைக்கு, எந்த நுண்ணுயிரி, யார் தயாரித்தது, எந்தப் பாலோடு என்ற நான்குக்கும் பதில் கையில் இருக்க வேண்டும். மருந்துக் கடையில் வாங்கிய பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டுவதற்கு என் பேச்சை யாரும் சான்றாகக் காட்டிவிடக் கூடாது.

37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைப்பிரசவம். 2020-இல் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தன. அவர்களில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் இந்தியாவில். பெரும்பாலானவர்கள் 34, 35 வாரத்தில் பிறந்து, கொஞ்சம் கூடுதல் கவனிப்போடு தேறிவிடுகிறார்கள். நான் பேசப்போவது 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களைப் பற்றி, ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவானவர்களைப் பற்றி.

28 வாரத்தில் பிறந்த குழந்தை ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். மூச்சுக் குழாய், தொப்புள் வழியாக ஒரு லைன், வாய் வழியாக வயிற்றுக்குள் ஒரு மெல்லிய குழாய். அந்தக் குழாயில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு மில்லி, இரண்டு மில்லி என்று பால் போகும். குடலின் நீளம் வந்திருக்கும், வேலை வந்திருக்காது. உணவைக் கீழே தள்ளும் அசைவு ஒழுங்குபட்டிருக்காது. உட்சுவரைப் போர்த்தும் சளிப்படலம் மெலிந்திருக்கும். சுவரின் செல்களுக்கு இடையே உள்ள இணைப்புகள் இறுகியிருக்காது. கிருமியைக் கண்டதும் அபாயக்குரல் எழுப்பும் ஏற்பிகள் மட்டும் தேவைக்கு மேல் விழிப்பாக இருக்கும். கருப்பைக்குள் வளர்ச்சிக்கு உதவிய அந்த ஏற்பிகள், வெளியே வந்ததும் கிருமிகளைச் சந்தித்து, சொந்தக் குடலையே புண்ணாக்கும் அழற்சியைத் தொடங்கி வைக்கின்றன.

இந்தக் குழந்தைகளின் வார்டில் வேலை செய்பவர்கள் மூச்சுத் திணறலை விட அஞ்சுவது ஒரு நோயை. ‘நெக்’ என்று சுருக்கமாகச் சொல்வோம். குடலின் சுவர் வீங்கி, செத்து, அழுகிப்போகும் நோய். மூச்சுத் திணறல் முதல் நாளிலேயே முகம் காட்டிவிடும். நெக் அப்படியில்லை. வெண்டிலேட்டரை எடுத்தாயிற்று, எடை ஏறுகிறது, அம்மாவின் முகத்தில் முதன்முறையாக ஒரு தெளிவு வந்திருக்கிறது என்ற இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் அது வரும். காலையில் வயிற்றைச் சுற்றி டேப் வைத்து அளக்கும் செவிலியர், நேற்றை விட அளவு கூடியிருப்பதைக் கவனிப்பார். குழாயில் பச்சையாகப் பித்தநீர் திரும்பும். மலத்தில் இரத்தம் தெரியும். எக்ஸ்ரேயில் குடல் சுவருக்குள்ளேயே காற்றுக் குமிழ்கள் வரிசையாகத் தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. சில குழந்தைகளுக்கு மாலைக்குள் குடல் ஓட்டையாகி அறுவை அரங்குக்குப் போக நேரும். ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறப்பவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு இது வரலாம். வந்தவர்களில் நால்வரில் ஒருவரை நாங்கள் இழக்கிறோம். அறுவை வரை போனவர்களில் இழப்பு இன்னும் அதிகம். பிழைத்தவர்களில் சிலர் குட்டையான குடலோடும், மூளை வளர்ச்சித் தாமதத்தோடும் வளர்கிறார்கள்.

இதற்கும் பாக்டீரியாவுக்கும் என்ன தொடர்பு? தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் 1880-களில் மியூனிக்கில் பச்சிளங்குழந்தைகளின் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்தவுடன் கழியும் கருமலத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, சில மணி நேரத்தில் கிருமிகள் வந்து சேர்கின்றன, தாய்ப்பால் தொடங்கியதும் அவற்றின் வகை மாறுகிறது என்று எழுதினார். ஈ.கோலி என்று இன்று எல்லோரும் சொல்லும் கிருமியின் பெயரில் இருப்பவர் அவர்தான். அடுத்த பத்தாண்டுகளின் முடிவில், பாரிஸின் பாஸ்டர் ஆய்வகத்தில் ஆன்ரி திசியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கவட்டை வடிவில் பிரியும் ஒரு பாக்டீரியா நிறைந்திருப்பதைக் கண்டார். அதுதான் பிஃபிடோபாக்டீரியம்.

அது ஏன் தாய்ப்பால் குடிக்கும் குழந்தையிடம் மட்டும் அவ்வளவு செழிக்கிறது என்பது நெடுங்காலம் கழித்தே விளங்கியது. என்னைக் கேட்டால் மருத்துவத்தில் இதைவிட அழகான உண்மை குறைவு. தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாக அதிகம் உள்ள திடப்பொருள் ஒருவகைச் சங்கிலிச் சர்க்கரைகள். நூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றைச் செரிக்கும் நொதி குழந்தையிடம் இல்லை. தாயின் உடல் இத்தனை பாடுபட்டுச் செய்கிற ஒரு பொருளைக் குழந்தை செரிப்பதே இல்லை. அது பிஃபிடோபாக்டீரியத்துக்கான உணவு. குறிப்பாக இன்ஃபான்டிஸ் என்ற உள்ளினம் அதை முழுதாக உண்டு, அசிட்டிக், லாக்டிக் அமிலங்களை வெளியிடுகிறது. குடலில் அமிலத்தன்மை கூடுகிறது, நோய்க்கிருமிகள் தழைக்க முடிவதில்லை, குடல் சுவரும் வலுப்படுகிறது.

நிறைமாதத்தில் பிறந்து அம்மாவின் மடியிலேயே கிடக்கும் குழந்தைக்கு இவையெல்லாம் தானாக நடக்கின்றன. குறைமாதக் குழந்தைக்கு எதுவும் தானாக நடப்பதில்லை. பெரும்பாலும் சிசேரியன். பிறந்த அன்றே ஆன்டிபயாட்டிக். அம்மாவின் தோல் படுவதற்கு முன் படுவது கையுறை, குழாய், இன்குபேட்டரின் சுவர். வார்டில் வாழும் கிருமிகளே முதலில் குடியேறுகின்றன. நம் நாட்டு வார்டுகளில் அவை யார் என்பது நமக்குத் தெரியும். டெல்லியின் மூன்று மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. பச்சிளங்குழந்தைகளின் இரத்தத்தில் வளர்ந்த கிருமிகளில் 22 விழுக்காடு அசினிடோபாக்டர், 17 விழுக்காடு கிளெப்சியெல்லா. அவற்றில் பல, நம்மிடம் உள்ள ஆன்டிபயாட்டிக்குகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டுப்படாதவை. இவற்றின் இனத்தைச் சேர்ந்த கிருமிகள் குடலில் பெருகுவதும் பிஃபிடோபாக்டீரியம் குறைவதும் நெக் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படியானால் நல்லதை நாமே முந்திக் கொண்டுபோய் விட்டால் என்ன?

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது கொலம்பியாவின் பொகோட்டா நகரம். இன்குபேட்டர் போதாமல் 1978-இல் குழந்தையைத் தாயின் மார்போடு கட்டி வைக்கும் கங்காரு முறையைத் தொடங்கியதும் அதே நகரம்தான். ஆஞ்செலா ஓயோஸ் என்ற மருத்துவர் தம் வார்டில் சேரும் எல்லாக் குழந்தைகளுக்கும் இரண்டு வகை பாக்டீரியாக்களை நாள்தோறும் கொடுத்தார். முந்தைய ஆண்டில் சேர்ந்த 1,282 குழந்தைகளில் 85 பேருக்கு நெக் வந்திருந்தது. பாக்டீரியா பெற்ற 1,237 பேரில் 34 பேருக்கு வந்தது. 1999-இல் இதை வெளியிட்டபோது, ஓர் ஆண்டை இன்னோர் ஆண்டோடு ஒப்பிடுவது சான்றாகாது என்றார்கள். அது நியாயமான மறுப்பு. 2005-இல் தைவானில் 367 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வில் நெக் 5.3 விழுக்காட்டிலிருந்து 1.1 ஆகக் குறைந்தது. 2009-இல் கொல்கத்தாவிலிருந்து வந்த 186 குழந்தைகளின் ஆய்விலும் பெரிய குறைவு. 2013-இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 1,099 குழந்தைகளில் மூன்று பாக்டீரியாக்கள் கலந்த பொடியைச் சோதித்தன. நெக் 4.4-இலிருந்து 2 விழுக்காடாகக் குறைந்தது. இரத்தத் தொற்று மொத்தத்தில் குறையவில்லை.

பிறகு இங்கிலாந்து. தென்கிழக்கு இங்கிலாந்தின் மருத்துவமனைகளில், 31 வாரத்துக்கு முன் பிறந்த 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு பிஃபிடோபாக்டீரியம் பிரேவே என்ற ஒற்றை வகையைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2016-இல் வந்தது. ஒரு பயனும் இல்லை. பாக்டீரியா பெற்றவர்களில் 9 விழுக்காட்டினருக்கு நெக், பெறாதவர்களில் 10.

இந்த ஆய்வை நான் மாணவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும் விட விரிவாகச் சொல்வேன். ஏனென்றால், பாக்டீரியா இல்லாத வெற்று மருந்து பெற்ற குழந்தைகளின் மலத்தைச் சோதித்தபோது, அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம், கருக்காலத்தையும் சேர்த்து 36 வார வயதுக்குள், அதே பாக்டீரியா குடியேறியிருந்தது. யாரும் கொடுக்கவில்லை, தானாகப் போய்ச் சேர்ந்தது. எப்படி என்று புரிந்துகொள்ள எங்கள் வார்டில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். செவிலியர் பாக்கெட்டின் விளிம்பைக் கிழிக்கிறார். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தூள் கையுறையில் படிகிறது, மேசையில் படிகிறது. ஒன்றிரண்டு மில்லி தாய்ப்பாலில் அதைக் கலக்கி, சிரிஞ்சில் இழுத்து, வயிற்றுக் குழாயில் மெதுவாக விடுகிறார். அடுத்த படுக்கையில் மானிட்டர் அலறுகிறது. கையுறையை மாற்றிக்கொண்டுதான் ஓடுகிறார், ஆனால் அலாரத்தை நிறுத்தத் தொட்ட பொத்தானை இன்னொருவரும் தொடுவார். ஒரு பாக்கெட்டில் 100 கோடி உயிரிகள் இருக்கின்றன. தொப்புள் லைனைத் தொட்டுத் திறக்கும் அதே கைகள்தான் இந்தப் பாக்கெட்டையும் திறக்கின்றன. அதனால் இதைக் கலக்கும் இடம் மருந்து ஏற்றும் இடத்திலிருந்து தனியாக இருக்க வேண்டும். வசதிக் குறைவு என்று இதை விட்டுக்கொடுக்க முடியாது.

இங்கிலாந்தின் ஆய்வு சொன்ன இன்னொரு பாடம்: புரோபயாட்டிக் என்பது ஒரு மருந்தின் பெயரன்று. ஒரு வகையில் கண்ட பயனை இன்னொரு வகையின் மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது. நம் நாட்டில் பேதிக்கு அதிகம் எழுதப்படும் பேசில்லஸ் கிளாசியையும் குறைமாதக் குழந்தைகளில் சோதித்திருக்கிறார்கள். 2015-இல் வெளியான அந்த இந்திய ஆய்வில், 244 குழந்தைகளில், தாமதமாக வரும் இரத்தத் தொற்றை அது குறைக்கவில்லை. இன்னொரு பாக்கெட்டில் இருப்பது பாக்டீரியாவே அல்ல, சாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்ட். இரத்தக் குழாயில் லைன் உள்ள குழந்தையிடம் அது இரத்தத்துக்குள் போய்விட முடியும். கடைக்காரர் இவை எல்லாவற்றையும் ஒரே அலமாரியிலிருந்து எடுத்துத் தருகிறார்.

ஒடிசா ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும், அதைப் பலர் தவறாக எடுத்துக்காட்டுவதால். பினாகி பாணிகிரஹி தலைமையில் ஒடிசாவின் கிராமங்களில் 4,556 குழந்தைகளுக்கு நடந்து, 2017-இல் நேச்சர் இதழில் வந்தது. லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவையும் அதற்கு உணவான ஒரு சர்க்கரையையும் ஏழு நாள் கொடுத்தார்கள். தொற்றோ மரணமோ 9 விழுக்காட்டிலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. நம் மண்ணில், நம் கிராமங்களில் நடந்த மகத்தான வேலை அது. ஆனால் அந்தக் குழந்தைகள் 35 வாரத்துக்கு மேல், 2 கிலோவுக்கு மேல் இருந்தவர்கள். அந்த முடிவை 900 கிராம் குழந்தையின் படுக்கையருகே கொண்டுவந்து வைப்பது அந்த ஆய்வுக்கும் அநீதி, அந்தக் குழந்தைக்கும் அநீதி.

சிறிதும் பெரிதுமான 56 ஆய்வுகளைத் திரட்டி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் கணக்கைச் சேர்த்து, காக்ரன் தொகுப்பு 2020-இல் ஒரு முடிவு சொன்னது. 33 குழந்தைகளுக்குக் கொடுத்தால் ஒரு குழந்தையை நெக்கிலிருந்து காக்கலாம். ஆய்வுகளில் பல சிறியவை, குறைகள் உள்ளவை, அதனால் சான்றின் வலு குறைவு என்றும் அதே தொகுப்பு சொன்னது. ஒரு கிலோவுக்குக் கீழே உள்ளவர்களைப் பற்றிய தரவு மிகச் சொற்பம். அதாவது நெக் யாரை அதிகம் தாக்குகிறதோ அவர்களைப் பற்றித்தான் நமக்குக் குறைவாகத் தெரியும்.

இனி, கசப்பான பகுதி. 2014-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 29 வாரத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு நெக் போன்ற அறிகுறிகளோடு வயிறு வீங்கியது. அறுவையில் குடலில் பூஞ்சை பரவியிருந்தது. குழந்தை இறந்தது. அந்தப் பூஞ்சை, குழந்தைக்குக் கொடுத்த புரோபயாட்டிக் பொடியிலேயே, பிரிக்காத டப்பாக்களிலும் இருந்தது. கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஆஸ்திரேலிய ஆய்வில் நெக்கைப் பாதியாகக் குறைத்த பொடி விற்ற அதே ஏபிசி டோஃபிலஸ் என்ற பெயரில்தான் இதுவும் விற்றது. ஆய்வில் நிரூபணமான பெயர், தயாரிப்பில் கலப்படமான பொருள். உணவுப் பொருளாக விற்கப்பட்டதால், மருந்துக்கு உரிய கண்காணிப்பு அதற்கு இருக்கவில்லை.

2023-இல் இன்னொன்று. ஒரு கிலோவுக்கும் குறைவான குழந்தை இரத்தத் தொற்றில் இறந்தது. இரத்தத்தில் வளர்ந்தது பிஃபிடோபாக்டீரியம் லாங்கம். மரபணு வரிசையைப் பார்த்தபோது அது குழந்தைக்குக் கொடுத்த புரோபயாட்டிக்கோடு பொருந்தியது. இங்கே கலப்படம் இல்லை, நாம் நல்லது என்று கொடுத்ததே இரத்தத்துக்குள் போயிற்று. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்த அக்டோபரில் மருத்துவத் துறையினருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நிறுவனங்கள் தயாரிப்புகளைத் திரும்பப் பெற்றன. பல வார்டுகள் ஒரே நாளில் நிறுத்தின.

அந்த முடிவை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. ஒரு மரணத்துக்கு மருந்து காரணம் என்று நிரூபிக்க முடிகிறது. கொடுக்காமல் விட்டதால் நெக் வந்து இறந்த குழந்தைக்கு எந்த எச்சரிக்கைக் கடிதமும் வருவதில்லை. அந்தக் குழந்தைகளும் கணக்கில் வர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் எடுத்த நிலை எனக்கு உடன்பாடானது: 32 வாரத்துக்கு முன் பிறந்து, மனிதப் பால் பெறும் குழந்தைகளுக்கு இதைப் பரிசீலிக்கலாம். அந்த வாக்கியத்தில் ‘மனிதப் பால்’ என்று நிபந்தனை வைத்ததற்காகவே அதை நான் பாராட்டுகிறேன்.

இங்கே சில குடும்பங்கள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். “டாக்டர், நல்ல பாக்டீரியாதானே, ஒரு துளி மோர் தொட்டு வைக்கட்டுமா?” என்று பாட்டி கேட்பார். கழுதைப்பால் வாங்கி வந்திருக்கிறோம், சேனை வைக்க மாமன் வந்திருக்கிறார், உரைமருந்து ஒரு இழைப்பு மட்டும் என்றும் கேட்பார்கள். அவர்களைக் கடிந்து பேசுவது எனக்குப் பிடிக்காது. குழந்தையின் வாயில் முதலில் போவது நல்லதாக இருக்க வேண்டும் என்ற அவர்கள் கவலை சரியான கவலை. நான் சொல்வது இதுதான்: அம்மா, நம் தயிரில் வளரும் பாக்டீரியா வேறு, இது வேறு, அதோடு அந்த மோரில் வேறு என்னென்ன இருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. முதலில் வைக்க வேண்டிய சேனை சீம்பால். பருத்திக் குச்சியில் தொட்டுக் கன்னத்தின் உட்பக்கம் தடவுங்கள், நானே பக்கத்தில் நிற்கிறேன். மாமன் கையால் வைக்க வேண்டும் என்றால், கைகழுவிவிட்டு மாமனே தடவட்டும். அதற்குப் பிறகு பெரும்பாலும் வாதம் இருக்காது.

லேபிளை நம்ப முடியாது என்பது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் விற்ற 16 பிஃபிடோ தயாரிப்புகளைச் சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், லேபிளில் எழுதியது அப்படியே உள்ளே இருந்தது ஒன்றில் மட்டும். நம் வெயிலிலும் ஈரப்பதத்திலும், குளிர்பதனம் அறுந்த வண்டியில் பயணித்த பொடியில் எத்தனை உயிரிகள் மிஞ்சும் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குகிறது. ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறிய பிறகே வார்டுக்கு விடுகிறது. குறைமாதக் குழந்தைகளுக்கான ஒரே ஒரு கலவையை, இன்னின்ன இனம், இத்தனை உயிரி, பூஞ்சை இல்லை என்ற நிபந்தனைகளோடு அந்த வழியில் கொள்முதல் செய்ய முடியும். தனித்தனி மருத்துவர் தனித்தனிப் பாக்கெட் எழுதும் இன்றைய நிலையை விட அது நூறு மடங்கு மேல்.

கொடுக்கத் தொடங்கும் மருத்துவமனையின் ஆய்வகமும் தயாராக வேண்டும். பிஃபிடோபாக்டீரியம் காற்றில்லாமல் வாழும் உயிரி. நாம் வழக்கமாக அனுப்பும் ஒற்றைக் குப்பியில் அது வளராமலே போகலாம். ‘வளர்ச்சி இல்லை’ என்று அறிக்கை வரும், குழந்தை மோசமாகிக்கொண்டே போகும். சில லாக்டோபேசில்லஸ் வகைகளுக்கு வான்கோமைசின் இயல்பாகவே வேலை செய்யாது. தொற்று என்றதும் நம் கை போகும் மருந்துகளில் அதுவும் ஒன்று. எனவே எந்தக் குழந்தை எதைப் பெறுகிறது என்று ஆய்வகத்துக்குச் சொல்லும் ஒரு வரி, இரத்த மாதிரியோடு போகும் சீட்டில் இருக்க வேண்டும். பெற்றோருக்கும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்: என்ன கொடுக்கிறோம், ஏன், அபூர்வமாக என்ன ஆகலாம். கையெழுத்து வாங்குவதை விட, படித்துக் காட்டிக் கேள்வி கேட்க விடுவது முக்கியம்.

என் வரிசை இப்படி. 32 வாரத்துக்குக் கீழ், ஒரு கிலோவுக்கு மேல், பால் குழாயில் இறங்கத் தொடங்கிவிட்டது, தாய்ப்பால் கிடைக்கிறது, தரம் சோதித்த கலவை கையில் உண்டு: கொடுப்பேன். ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் ஒழுங்கான ஆய்வின் பகுதியாக மட்டும். ரத்த அழுத்தம் நிலையில்லாமல், வயிறு வீங்கிக் கிடக்கும் குழந்தைக்குக் கொடுக்க மாட்டேன். தேவையற்ற ஆன்டிபயாட்டிக்கை, இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சுத்தமாக வந்ததும் நிறுத்துவது இவை எல்லாவற்றுக்கும் முன்னால். ஒரு கையால் நல்லதை விதைத்து மறுகையால் கொல்வதில் பொருளில்லை.

பால் பற்றி மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது. பவுடர் பால் மட்டும் பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு, தாய்ப்பால் மட்டும் பெற்றவர்களை விட நெக் 6 முதல் 10 மடங்கு அதிகம் என்று லூகாஸும் கோலும் 1990-இலேயே லான்செட் இதழில் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, மும்பையின் சயான் மருத்துவமனையில் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். வங்கிப் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவதால் அதிலுள்ள உயிரிகள் கெட்டதும் நல்லதும் சேர்ந்தே அழிந்துவிடும். சங்கிலிச் சர்க்கரை தாங்கும். அந்தச் சர்க்கரைக்கு ஏற்ற பாக்டீரியாவைச் சேர்ப்பது வங்கிப் பால் பெறும் குழந்தைக்கு மிகப் பொருத்தமான யோசனை. ஆனால் வங்கிப் பால் இரண்டாம் இடம். முதலிடம் அந்தக் குழந்தையின் அம்மாவுடைய பால்தான்.

அது ஏன் வருவதில்லை என்று பாருங்கள். தாலுகா மருத்துவமனையில் 29 வாரத்தில் பிரசவம். குழந்தையை 108 வண்டியில் மாவட்டத் தலைநகருக்கு அனுப்புகிறோம், கூட அப்பாவோ சித்தப்பாவோ வருவார். தாய் தையல் வலியோடு அறுபது கிலோமீட்டர் தள்ளி, குழந்தை இல்லாத வார்டில் படுத்திருப்பாள். முதல் ஆறு மணி நேரத்துக்குள் பீச்சத் தொடங்க வேண்டும், இரவு உட்பட நாளுக்கு எட்டு முறை பீச்ச வேண்டும் என்று அவளிடம் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அவள் ஐந்தாம் நாள் வந்து சேரும்போது மார்பு வற்றத் தொடங்கியிருக்கும், குழந்தைக்குப் பவுடர் பால் ஓடிக்கொண்டிருக்கும், நாங்கள் புரோபயாட்டிக் கொடுப்பதா வேண்டாமா என்று விவாதித்துக்கொண்டிருப்போம். தாங்கும் நிலையில் உள்ள தாயைக் குழந்தையோடு அதே வண்டியில் ஏற்றி, வந்து சேரும் வார்டில் அவளுக்கு ஒரு கட்டிலும் மூன்று வேளைச் சாப்பாடும் பால் பீச்சும் கருவியும் கொடுங்கள் என்று, இங்கே வந்திருக்கும் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.